பெயரில்லாத மாத்திரையும் என் பிரவுசிங் சென்டரும்

பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களுக்கு ரத்தக் கொதிப்பு வர உப்பு தேவையில்லை. கடையைத் திறந்து உட்கார்ந்தாலே போதும். கரண்ட் போகும், லைன் போகும், ஒருவர் பாதி மெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டும் சேர்ந்து போகும், திட்டு மட்டும் நமக்கு வரும். அந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முடி நரைத்த சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். ரிஜிஸ்டரில் பெயர் எழுத வேண்டியதில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. பெங்களூர் விவேக் நகரில், கோவிலுக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது கடை என்னுடையது. இரண்டாயிரமாவது வருடம் பிறந்த கையோடு ஆறு கம்ப்யூட்டர் போட்டு ஆரம்பித்தேன். ஊரே சாஃப்ட்வேர் என்று ஆடிக்கொண்டிருந்த காலம் அது. அது போதாதென்று, அடுத்தது பயோடெக்னாலஜிதான் என்று சர்க்கிளுக்கு சர்க்கிள் பேனர் கட்டினார்கள். பேனரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆசாரி வந்த நாள்

முதலில் என் கடையில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஆள் உயரத்துக்கு பிளைவுட் தடுப்பு இருந்தது. அதற்குள் என்னவெல்லாம் நடக்கும் என்று ஊர் கற்பனை செய்ததில் பத்தில் ஒரு பங்குகூட நடக்கவில்லை. காக்ஸ் டவுனிலிருந்து ஒரு டீச்சர் இரண்டு பஸ் மாறி வருவார். அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே சென்டர்கள் இருக்கும்போது இங்கே எதற்கு வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. மார்பில் கட்டி வந்தால் என்ன செய்வது என்று படித்துக்கொண்டிருந்தார். தெரிந்தவர் கண்ணில் படாமல் படிக்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தீவிரவாதம், ஆபாசம், கலாச்சாரம் என்று மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் காரணம் சொன்னார்கள். தடுப்பு, உட்கார்ந்திருப்பவரின் தோளுக்கு மேல் போகக் கூடாது. திரை வெளியே தெரிய வேண்டும். வருகிறவர்களின் பெயரை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். ஏட்டு நஞ்சுண்டப்பா டேப்போடு வந்து அளந்தார். கெட்டவர் இல்லை. கன்னடக்காரர், எங்கள் தெருக்களில் பீட் சுற்றிச் சுற்றியே தமிழ் கற்றுக்கொண்டவர்.

ஆசாரி ஆறு தடுப்புகளையும் அறுத்தார். மரத்தூளில் மூன்று கீபோர்டு செத்தது. டீச்சர் அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். அந்தக் கட்டி என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு வந்த ஆத்திரத்தை ஏட்டிடம்தான் கொட்டினேன். படிக்க வந்த பொம்பளையை விரட்டிவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் நிதானமாக டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"நோடம்மா, நல்லதுதான் பாக்கறாங்கன்னா மறைச்சு ஏன் பாக்கணும்?"

சிவப்பு மை

ரிஜிஸ்டரில் பெயர், முகவரி, எத்தனாம் நம்பர் கம்ப்யூட்டர், வந்த நேரம், போன நேரம், வந்த காரணம் என்று ஆறு கட்டம். நம் ஜனங்கள் அதில் எழுதியதைப் பார்த்தால் உலகமே என் கடைக்குத்தான் வந்து போனது என்று நினைப்பீர்கள். சினிமா நடிகர்கள் எல்லோரும் வந்தார்கள். கிரிக்கெட் கேப்டன் வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். ஒரு தடிப்பயல் ஏட்டு நஞ்சுண்டப்பாவின் பெயரையே எழுதி, வந்த காரணம் என்ற கட்டத்தில் 'காதல்' என்று போட்டிருந்தான்.

மற்ற சென்டர்காரர்கள் இதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டார்கள். எனக்கு முடியவில்லை. கடை வைப்பதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வருகைப் பதிவேடு பார்த்தவள் நான். பதிவேட்டில் ஒரு தப்பு இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பொய்ப் பெயரை ஸ்கேல் வைத்து அடித்து, பக்கத்தில் சிவப்பு மையில் உண்மைப் பெயரை எழுதுவேன். விவேக் நகரில் எனக்குத் தெரியாத வீடு கிடையாது. அதனால் எத்தனாவது கிராஸ், யார் மகன், யார் மனைவி என்பதையும் சேர்த்தே எழுதிவிடுவேன். வந்த காரணத்தை நேராகவே கேட்டு எழுதுவேன். எழுதியது சுத்தமாக இருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

தர்மபுரியிலிருந்து வந்த சரவணன் என்ற பையன் பக்கத்துத் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு பயோடெக் லேபில் வேலை. பெரிய லேப், உள்ளே இன்டர்நெட் இருக்கிறது. ஆனால் ஆபாசத்தைத் தடுக்க ஒரு பூட்டு போட்டிருந்தார்களாம். 'செக்ஸ்' என்ற வார்த்தை எங்கே வந்தாலும் பக்கம் திறக்காது. அவன் வேலையோ ஆண் பெண் குரோமோசோம் பற்றிப் படிப்பது. தன் ஆராய்ச்சியைப் படிக்க அவன் என் கடைக்குத்தான் வர வேண்டியிருந்தது. முதல் நாள் ரிஜிஸ்டரில் 'டி.என்.ஏ. மூர்த்தி, செல் தெரு' என்று எழுதினான். நான் அடித்துவிட்டு அவன் உண்மைப் பெயரை வீட்டு ஓனர் பெயரோடு சிவப்பில் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மேடம், நீங்க போலீசுக்காக இவ்ளோ கஷ்டப்படறதுக்கு, பேசாம போலீஸ்லயே சேந்துடலாங்க."

கடைசிப் பக்கம் மட்டும்

பிலோமினா நான்காவது கிராஸ். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல். புருஷன் அந்தோணி பெயிண்டர். மூன்று மாடிக் கட்டடத்துக்கும் ஏணி போட்டு ஏறி அடிக்கிற ஆள். ஒரு நாள் காலை, ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு, கைக்குட்டையில் சுற்றிய ஒரு மாத்திரை அட்டையோடு வந்தாள். இது என்ன மாத்திரை என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். பெயர் இல்லை, கம்பெனி இல்லை, ஒரு நம்பர் மட்டும் இருந்தது.

அந்தோணிக்குச் சர்க்கரை வியாதி. கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தான். ஊரின் அந்தப் பக்கம் ஒரு ஆராய்ச்சி சென்டர் இருக்கிறது, புது மருந்து இலவசம், ரத்தப் பரிசோதனை இலவசம், வேனில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவார்கள் என்று யாரோ சொல்ல, போய்ச் சேர்ந்துவிட்டான். பழைய மாத்திரையைத் தொடக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் ஆகாது என்று அங்கே கண்டித்துச் சொன்னார்களாம். இவர்களும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஐந்து மாதம் ஆகிறது. ஆள் இளைத்துக்கொண்டே வருகிறான், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறான், ஏணியில் ஏறினால் தலை சுற்றுகிறது.

கையெழுத்து வாங்கியிருப்பார்களே, அந்தப் பேப்பரைக் கொண்டுவா என்றேன். கொண்டுவந்தாள். ஒரே ஒரு தாள், ஆங்கிலத்தில். 'மேலே உள்ள பதினான்கு பக்கங்களையும் படித்துப் புரிந்துகொண்டேன்' என்று இருந்தது, கீழே அந்தோணியின் கையெழுத்து. பதினான்கு பக்கம் எங்கே என்று கேட்டேன். அவர்களிடம் இருக்கிறதாம். எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறிவிட்டது. படிக்காமல் எப்படியடி கையெழுத்துப் போட்டீர்கள் என்று, தப்பு செய்தவளே அவள்தான் என்பது போல அவளிடமே கத்தினேன். அவள் தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த டாக்டரு உக்கார வச்சு சிரிச்சுப் பேசுனாருக்கா. நம்மள யாரு அப்டி பேசுறாங்கோ?"

முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன

அந்த நம்பரை நான் அடித்தேன், பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள். பக்கம் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தது. அந்த நம்பரில் ஒரு டிராக்டர் உதிரிபாகம் இருந்தது. ஏதோ ஒரு நாட்டில் விற்பனைக்கு வந்த ஒரு சோபா இருந்தது. மாத்திரை இல்லை. உலகத்தில் உள்ளதெல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறது என்று என் கடை போர்டிலேயே எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு அந்த போர்டைக் கழற்றி அடுப்பில் வைக்கலாம் போலிருந்தது.

சனிக்கிழமை பிலோமினா இருக்கும்போதே சரவணன் வந்தான். அவன் தேடுகிற விதமே வேறு. அந்த ஆராய்ச்சி சென்டரின் வெப்சைட்டைப் பிடித்தான். வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளைக் கூப்பிட்டு எழுதிய பக்கம் அது. இங்கே நோயாளிகள் ஏராளம், ஆள் சேர்ப்பது சுலபம், பாதியில் விட்டுப் போக மாட்டார்கள், சொன்னபடி மாத்திரை சாப்பிடுவார்கள் என்று புள்ளி வைத்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டுக்கு முன்னால் நின்று இப்படிப் பேச ஆள் யோசிப்பான். எங்கள் தெருவை விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள், விலைப்பட்டியல் என் கடையிலேயே ஓடுகிறது.

பிறகு அவன் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக் கண்டுபிடித்தான். அந்தோணியின் கையெழுத்துத் தாளின் அடியில் பெயர் இருந்த அதே வெளிநாட்டுக் கம்பெனி, அதே சர்க்கரை வியாதி, நம் மாத்திரையாக இருக்கலாம் என்றான். முதல் பத்தி மட்டும் தெரிந்தது. மருந்துக்கு ஒரு நீளமான பெயர், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள். கடைசி வரி, 'முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன.' எங்கே விவாதிக்கப்பட்டுள்ளன? உள்ளே. உள்ளே போக முப்பது டாலர், அதுவும் கிரெடிட் கார்டில். எங்கள் மூன்று பேரிடமும் கிரெடிட் கார்டு கிடையாது. ஆராய்ச்சி செய்கிற உனக்கே இல்லையா என்று சரவணனைப் பிடித்துக்கொண்டேன். அவன் சிரித்தான்:

"எங்க லேப்புலயும் இதே கதைதாங்க மேடம். ரத்தம் இங்கிருந்து போகும், பேப்பர் அங்கிருந்து வரும், நடுவுல கதவு மட்டும் பூட்டியிருக்கும்."

ஒருத்தன் பொண்டாட்டி

அந்தோணிக்குச் செருப்புக் கடித்து வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. இரண்டாவது வாரம் கறுத்துப்போனது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா விரலைப் பார்த்தார், மாத்திரை அட்டையைப் பார்த்தார், இதில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்டார். அது தெரியாமல் மேலே இன்னொரு மருந்து கொடுத்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆளே போய்விடலாம். கொடுக்காமல் விட்டால் விரல் போய்விடும். உடனே கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பிலோமினா அந்தச் சீட்டோடு ஆராய்ச்சி சென்டர் வாசலில் இரண்டு நாள் நின்றாள். முதல் நாள் சிரிக்கிற டாக்டர் மீட்டிங்கில் இருந்தார். இரண்டாவது நாள் ஒரு பெண் வெளியே வந்து, மாத்திரையில் என்ன இருக்கிறது என்பது ஆராய்ச்சி ரகசியம், இங்கே யாருக்குமே தெரியாது, நீங்கள் வெளி ஆஸ்பத்திரிக்குப் போனதால் உங்கள் கணவர் பெயரை எடுத்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இனி வேனும் வராது.

அவள் நேராக என் கடைக்கு வந்தாள். பெங்களூர் சர்க்கரை நோயாளிகள் கூடிப் பேசுகிற ஒரு இன்டர்நெட் குழுவைச் சரவணன் முன்பே காட்டியிருந்தான். அதில் கேட்போம் என்றேன். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் அவளை உட்கார வைத்து, அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். எந்த சென்டர், என்ன நம்பர், புண் எப்படி இருக்கிறது, வேறு யாருக்காவது இதே மாத்திரை கொடுத்தார்களா, அதில் என்ன இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா. அவ்வளவுதான், அதில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. எனக்கு வாயில் வந்ததை அடித்திருந்தால் கீபோர்டு எரிந்திருக்கும். கீழே என்ன பெயர் போடட்டும் என்று கேட்டேன்.

"பேர் வேணாங்க்கா. 'ஒருத்தன் பொண்டாட்டி'ன்னு போடு, போதும்."

இருந்ததே இல்லை

மறுநாளே இரண்டு பதில் வந்திருந்தது. சந்தாபுராவிலிருந்து ஒரு பெண், தன் அப்பாவுக்கும் இதே வெள்ளை மாத்திரை, இதே இளைப்பு என்று எழுதியிருந்தாள். இன்னொருவர் யாரோ டாக்டர். ஆபத்து என்றால் அந்த ரகசியத்தைத் திறந்து காட்டியே ஆக வேண்டும், அதற்கு விதி இருக்கிறது, யாருக்கு என்ன எழுதிக் கேட்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லியிருந்தார். படித்ததும் எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. பிலோமினா சாயந்திரம் ஷிப்ட் முடிந்து வரட்டும், அவளோடு உட்கார்ந்து பிரிண்ட் எடுக்கலாம் என்று விட்டேன்.

சாயந்திரம் குழுவைக் காணோம். எங்கள் கடிதத்தை மட்டும் எடுக்கவில்லை, குழுவுக்கு இடம் கொடுத்திருந்த இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் மொத்தக் குழுவையும் தூக்கிவிட்டார்கள். கேழ்வரகுக் களி சாப்பிடலாமா என்று கேட்டவர், ஊசியை எந்த இடத்தில் போடுவது என்று கேட்டவர், பேரனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று அழுதவர், எல்லோரும் போனார்கள். சந்தாபுராப் பெண்ணும் போனாள், அந்த டாக்டரும் போனார், அவர் எழுதியிருந்த விதியும் விலாசமும் எனக்கு நினைவில் நிற்கவில்லை. ஒரு புகார் வந்தால் விசாரிக்காமல் கடையையே இழுத்துப் பூட்டுவது அவர்களுக்குச் சௌகரியம் போல. அந்த இன்டர்நெட் கம்பெனியின் உதவி நம்பருக்குப் போன் போட்டேன். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பையன் வந்தான். அவன் குரல் தேன் போல இருந்தது:

"மேடம், அப்படி ஒரு குரூப் இருந்ததா எங்க சிஸ்டம்ல காட்டவே இல்லையே."

பாராட்டு

நான்காம் நாள் நஞ்சுண்டப்பா வந்தார். ஆராய்ச்சி சென்டர் போலீசில் புகார் கொடுத்திருக்கிறது. கம்பெனியின் பெயரைக் கெடுக்கும்படி பொய் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கடிதம் என் கடை லைனிலிருந்து போயிருக்கிறது, தேதியும் நேரமும் அவர் கையில் ஒரு துண்டுத்தாளில் இருந்தது. ரிஜிஸ்டரைக் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு எந்த சென்டராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு சினிமா நடிகரோ கிரிக்கெட் கேப்டனோ உட்கார்ந்திருப்பார், போலீஸ் தலையைச் சொறிந்துகொண்டு போயிருக்கும். என் ரிஜிஸ்டரில் என்ன இருந்தது? பிலோமினா, அந்தோணியின் மனைவி, நான்காவது கிராஸ், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர், பதினொரு மணி முதல் பன்னிரண்டு வரை. வந்த காரணம்: கம்பெனி மாத்திரை பற்றிப் புகார். யாரும் கேட்காமலே, ஸ்கேல் போட்டு, முத்து முத்தாக எழுதி வைத்திருந்தேன்.

அடித்தது நான்தான் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. லைசென்ஸ் போய்விடுமோ, கடையை மூடிவிடுவார்களோ என்று பயம். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல்தான் பற்றிக்கொண்டு வருகிறது. ஏட்டு அந்த வரியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார், பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார், மனதார மெச்சினார்:

"நம்ம ஸ்டேஷன் லிமிட்ல இத்தனை கடை இருக்கு, இவ்ளோ க்ளீனா ரிஜிஸ்டர் யாருமே வைக்கலே மேடம்."

ஆள் இல்லாத சாட்சி

பிலோமினாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை நானும் கூடப் போனேன். ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்ததில் என் பயம் தேய்ந்து கோபம் மட்டும் மிச்சமிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இளவயது, மேசை மேல் மூன்று போன். ஐயா, இவளுக்கு ஆங்கிலம் தெரியாது, கம்ப்யூட்டர் தெரியாது, ஒரு எழுத்துகூட இவள் அடிக்கவில்லை, எல்லாம் அடித்தது நான், கேஸ் போடுவதானால் என் மேல் போடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லிவிட்டு, அந்தோணியின் விரலையும், டாக்டரம்மாவின் சீட்டையும், வாசலில் நின்ற இரண்டு நாளையும் சொன்னேன். குரல் உயர்ந்துதான் போயிற்று. பக்கத்து ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவர் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, ஏட்டு எழுதிக்கொண்டு வந்த தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தார். தெருவில் வருகிறவன் போகிறவன் எல்லோர் பெயரையும் எழுதினேனே, கடைக்காரியான என் பெயரை ஒரு நாளாவது எழுதியிருப்பேனா?

"நீங்க சொல்றீங்க மேடம், சரி. ஆனா ரிஜிஸ்டர்ல உங்க பேர் இல்லியே?"

கவர்

கேஸ் வேண்டாம், மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போதும் என்று சென்டரின் ஆள் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார். டை கட்டிக்கொண்டு, தட்டச்சு செய்த தாளோடு ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளிகூட வைத்திருந்தார். பிலோமினா பேனாவை வாங்கவில்லை. அக்கா படித்துக் காட்டட்டும் என்றாள். நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சொல்லி, அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். சப்-இன்ஸ்பெக்டரின் போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. 'என் கணவருக்கு எல்லா விவரங்களும் முழுமையாக விளக்கப்பட்டன' என்ற வரி வந்ததும், இன்னா விவரம் என்று அவள் டை கட்டியவரைப் பார்த்துக் கேட்டாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

மாத்திரையில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள், நீங்கள் சொல்கிற எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள் பிலோமினா. அவள் கேட்டது அது ஒன்றைத்தான், முதலிலிருந்து கடைசி வரை. டை கட்டியவர் வெளியே போய் யாரிடமோ போனில் பேசினார். நாளைக்கு அனுப்புகிறோம் என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். நாளைக்கு வரவில்லை. மூன்றாம் நாள்தான் வந்தது. அதற்கு முந்தின நாள், இனி காத்திருந்தால் கால் போய்விடும் என்று, டாக்டரம்மா அந்தோணியின் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்.

ஒட்டிய கவரை அவள் என் கடைக்குத்தான் கொண்டுவந்தாள். சரவணன் இருந்தான். உள்ளே ஒரு சின்னத் தாள். அந்தோணியின் பெயர், அந்த நம்பர், எதிரில் ஒரே ஒரு வார்த்தை: பிளாசிபோ. எனக்கு அந்த வார்த்தை தெரியாது. சரவணன் தாளைப் படித்தான், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். சொல்லித் தொலைடா என்றேன். புது மருந்து வேலை செய்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையும் கொடுப்பார்களாம். பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்குமாம். அந்தோணிக்கு வந்தது மாவு. இருந்த நல்ல மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஐந்து மாதத்துக்கு மேல் அவனுக்கு மாவைக் கொடுத்து, ரத்தம் எடுத்து, சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இதை அன்றைக்கே, வாசலில் நின்றவளிடம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்டரம்மா அப்போதே சர்க்கரைக்கு ஊசி போட்டிருப்பார். ஏணியில் நிற்கிறவனுக்குக் கட்டைவிரல் என்றால் என்ன என்று அந்த டை கட்டியவருக்குத் தெரியுமா? நான் கத்தினேன். உட்கார்ந்திருந்த இரண்டு கஸ்டமர்கள் எழுந்து போய்விட்டார்கள். சரவணனையும் திட்டினேன், அவன் படித்த படிப்பையும் திட்டினேன், அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டான். பிலோமினா கத்தவில்லை, அழவும் இல்லை. அந்தத் தாளை வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரு நாள்கூட தவறாம, காலைல ஆறு மணிக்கு அலாரம் வச்சு, எழுப்பி எழுப்பிக் குடுத்தேனேக்கா."

ஒன்றுமே இல்லாத ஒரு மாத்திரையின் ரகசியத்தைக் காப்பாற்ற ஒரு கம்பெனியும், ஒரு போலீஸ் ஸ்டேஷனும், என் கடையும் சேர்ந்து உழைத்தோம் என்பதுதான் என் பிரவுசிங் சென்டர் வாழ்க்கையின் சாதனை.